மழையில் விமானம் நிற்பது ஓடுபாதையின் கையிலும் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் வசித்துக்கொண்டு, தங்கள் நாளிதழை இணையத்தில் நாள்தோறும் படித்துவரும் வாசகன் நான். மழை நாளில் ஏதேனும் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் புல்தரையில் போய் நின்றால், பிரேக் பிடிக்கவில்லை என்றோ விமானியின் கவனக்குறைவு என்றோ அன்று மாலையே செய்தி வந்துவிடுகிறது. ஓரிரு ஆண்டுகள் கழித்து விசாரணை அறிக்கை வெளிவரும்போது அதைப் படிக்க ஆள் இருப்பதில்லை. தார்ச்சாலை போடும் வேலையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த இரண்டு விளக்கங்களுக்கும் நடுவே விடுபட்டுப் போகிற ஒன்றைப் பற்றி, அதாவது டயருக்குக் கீழே கிடக்கும் தளத்தைப் பற்றி, தங்கள் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் நாட்டில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். 2009ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி, கேப் டவுனிலிருந்து ஜார்ஜ் நகருக்கு வந்த ஏர்லிங்க் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 135 ரக விமானம், மழையில் நனைந்திருந்த ஓடுபாதையில் இறங்கி, நிற்க முடியாமல் முழு நீளத்தையும் கடந்து, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த விளக்குகளில் மோதி, வேலியை உடைத்துக்கொண்டு வெளியே உள்ள ஆர்404 பொதுச்சாலையில் போய் நின்றது. உயிரிழப்பு ஏதும் இல்லை என்பதால் அந்த விபத்து வெகு சீக்கிரம் மறக்கப்பட்டது. ஆனால் விசாரணையில் தெரியவந்த செய்தி என்னைப் போன்ற தார் வேலைக்காரர்களுக்கு மறக்கக் கூடியதல்ல. ஈரத் தளத்தில் பிரேக் போதிய பலன் தரவில்லை என்பதோடு, அந்த ஓடுபாதையின் மேல் அண்மையில்தான் பிட்டுமன் என்ற தார்ப்பிசின் கலவை தெளிக்கப்பட்டிருந்தது என்பதும், அதனால் தளத்தின் பிடிப்பு குறைந்திருந்தது என்பதும் விபத்தோடு சேர்த்துப் பேசப்பட்டன. பராமரிப்புக்காகச் செய்த வேலையே பிடிப்பைக் குறைக்கும் என்றால், அந்த வேலையை முடித்த கையோடு செய்ய வேண்டிய சோதனை எது, அதைச் செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்வி எழுகிறது. இக்கடிதம் முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

தெளிப்பு வேலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தார்த் தளம் வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் வறண்டு, அதிலுள்ள சிறு கற்கள் பிடி விட்டு உதிரத் தொடங்கும். அதைத் தடுக்க, பிட்டுமனைத் தண்ணீரோடு சேர்த்துச் செய்த எமல்ஷனை இன்னும் நீர்க்கக் கரைத்து, லாரியின் பின்னால் உள்ள குழாய் வரிசையிலிருந்து தளத்தின் மேல் மெல்லிய படலமாகத் தெளிப்பார்கள். தெளித்தவுடன் பழுப்பு நிறத்தில் கிடக்கும் அது, தண்ணீர் பிரிந்து வெளியேறியதும் கருத்துப் பளபளக்கும். பழைய தளம் புதிது போலாகிவிட்டது என்று பார்க்கிறவர்கள் மகிழ்வார்கள். ஆனால் தளத்தின் பிடிப்பு எங்கே இருக்கிறதென்றால், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சின்னஞ்சிறு பள்ளங்களிலும், கல்லின் முகத்தில் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் அந்த மேடுபள்ளத்திலும்தான் இருக்கிறது. தெளித்த படலம் அதிகமாகிவிட்டால் அந்த இரண்டையும் அதுவே நிரப்பிவிடுகிறது. சாலையாக இருந்தால் மேலே கல்தூள் தூவி, சில நாட்களுக்கு வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லிப் பலகை வைக்கலாம். ஓடுபாதையில் தளர்ந்த துகள் எதுவும் கிடக்கக் கூடாது. இயந்திரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். முதல் விமானமே முழு வேகத்தோடுதான் வந்து இறங்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று எங்கள் தொழிலில் உண்டு. அளந்தெடுத்த மெல்லிய மணலைத் தளத்தின் மேல் கொட்டி, தட்டையான வட்டப் பலகையால் சுழற்றிச் சுழற்றிப் பரப்புவோம். மணல் பள்ளங்களுக்குள் இறங்கி, மேலே வட்டமாகப் படரும். தளம் சொரசொரப்பாக இருந்தால் வட்டம் சிறியதாகவே நின்றுவிடும். வழவழப்பாக இருந்தால் மணல் இறங்க இடமில்லாமல் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். வட்டத்தின் குறுக்களவைக் கொண்டு பள்ளங்களின் சராசரி ஆழத்தைக் கணக்கிடலாம். புதிய ஓடுபாதைத் தளத்தில் இந்த ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பரிந்துரைக்கிறது. ஒரு மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றலாம். மழைநீர் டயருக்கு அடியிலிருந்து தப்பி ஓடுவதற்கு உள்ள இடம் அவ்வளவுதான்.

தண்ணீர் தப்பி ஓட முடியாமற்போனால் நடப்பதைத்தான் நீர்ச்சறுக்கல் என்கிறோம். வேகமாக உருளும் டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்பு வைத்தது போலக் குவிந்து, டயரையே தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. அது எந்த வேகத்தில் நடக்கும் என்பதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள் 1963இல் வெளியிட்ட கணக்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது. டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், நீர்ச்சறுக்கல் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கடல்மைல் (ஒரு கடல்மைல் சுமார் 1.85 கிலோமீட்டர்) என்று வந்துவிடும். 30 பவுண்டு காற்றுள்ள நம் காருக்கு இது மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர். கனமழையில் எங்கள் ஊர்ப்பக்கத்து என்2 நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டிப் போகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 200 பவுண்டு காற்றுள்ள போயிங் 737 விமானத்தின் டயருக்கு அது சுமார் 235 கிலோமீட்டர். அந்த விமானம் தரையைத் தொடும்போது வேகம் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தரையைத் தொடும் கணத்தில் சக்கரம் இன்னும் சுழலத் தொடங்கியிருக்காது. சுழலாத சக்கரத்துக்கு 9க்குப் பதிலாக 7.7 என்ற எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் 200 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கும் வரையில் கூட டயர் தண்ணீரின் மேலேயே மிதந்து செல்லக்கூடும்.

இது தேங்கிய தண்ணீரைப் பற்றிய கணக்கு. இதைவிட ஏமாற்றக்கூடிய வகை ஒன்று இருக்கிறது. தளம் வழவழப்பாக இருந்தால், கண்ணுக்கு வெறும் ஈரமாகத் தெரியும் மெல்லிய நீர்ப்படலமே போதும். அதை டயரால் கிழித்துக்கொண்டு கல்லைத் தொட முடியாது. மிகக் குறைந்த வேகத்திலும் இது நிகழும். அதிகமாகத் தெளிக்கப்பட்ட பிட்டுமன் தளத்தில் எதிர்பார்க்க வேண்டியது இந்த வகையைத்தான். விமானங்கள் வழக்கமாகத் தொடும் இடத்தில் டயர் ரப்பர் உருகிப் படிந்து கருத்துக் கிடக்கும் பகுதியிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு முனையின் தொடும் பகுதி, எதிர்த்திசையில் இறங்கி வரும் விமானத்துக்குக் கடைசியாக நிற்க வேண்டிய பகுதியாக அமைந்துவிடுகிறது என்பதை யோசித்துப் பார்த்தால், அந்த ரப்பரை அழுத்த நீர் பாய்ச்சி அவ்வப்போது அகற்றுவது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

பிரேக் பிடிக்கவில்லை என்று விமானி சொல்வது பொய்யல்ல. ஆனால் பெரும்பாலும் பிரேக்கில் கோளாறு இருப்பதில்லை. சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அழுத்தத்தைத் தளர்த்தி மறுபடி பிடிக்கும் சறுக்கல் தடுப்புக் கருவி இன்றைய பயணிகள் ஜெட் விமானங்களில் இருக்கிறது. தளத்தில் பிடிப்பே இல்லாதபோது அந்தக் கருவி, தன் வேலையைச் சரியாகச் செய்வதனாலேயே, தளர்த்திக்கொண்டே இருக்கும். விமானியின் காலுக்கு மிதி கடைசி வரை அழுந்தியிருப்பது தெரியும், வேகம் மட்டும் குறையாது. சக்கரம் பூட்டிக்கொண்டு நீண்ட நேரம் வழுக்கினால், உராய்வின் சூட்டில் நீர் ஆவியாகி, ரப்பர் பிசுபிசுத்து, ஓடுபாதையில் கருப்புத் தடத்துக்குப் பதிலாக ஆவியால் கழுவிவிட்டது போன்ற வெள்ளைத் தடம் விழும். விபத்துக்குப் பிறகு விசாரணையாளர்கள் அந்த வெள்ளைத் தடத்தையும் தேடுவார்கள்.

பிரேக் மட்டுமே விமானத்தை நிறுத்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரையைத் தொட்டவுடன் இறக்கையின் மேல் எழும் தகடுகள் தூக்குவிசையைக் கெடுத்து, விமானத்தின் பாரம் முழுவதையும் சக்கரங்களின் மேல் இறக்குகின்றன. பாரம் இறங்காத சக்கரத்தில் எவ்வளவு நல்ல பிரேக்கும் பயனில்லை. 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் இறங்கிய லுஃப்தான்சா ஏர்பஸ் 320 விமானத்தில், பக்கக்காற்றுக்காகச் சாய்ந்து இறங்கியதில் வலது சக்கரம் முதலில் தொட்டு, இடது சக்கரம் ஏறத்தாழ 9 நொடி கழித்தே தொட்டது. இரண்டு பக்கமும் பாரம் இறங்கும் வரை தகடுகள் எழ வேண்டாம் என்று கணினிக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஈரத்தில் மிதந்த சக்கரங்களும் போதிய வேகத்தில் சுழலாததால் பிரேக் இன்னும் தாமதமானது. ஓடுபாதை முடிந்து மண்மேட்டில் மோதியதில் இருவர் இறந்தனர். பூப்போல இறக்கினார் என்று நாம் விமானியைப் பாராட்டிக் கைதட்டுகிறோமே, மழையில் அந்தப் பூப்போன்ற இறக்கம் வேண்டியதே இல்லை. நீர்ப்படலத்தைக் கிழித்துச் சக்கரத்தைச் சுழல வைக்கும் அழுத்தமான இறக்கந்தான் அன்று வேண்டியது. இடுப்பில் சற்று அதிர்ந்தால் பயணிகள் குறை சொல்லாமல் இருப்பதே அவர்கள் செய்யக்கூடிய உதவி.

விமானியின் பொறுப்பை நான் குறைத்துப் பேசவில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 உயிர்களைப் பறித்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விபத்தில், 8,858 அடி நீள ஓடுபாதையில் விமானம் 4,438 அடியைக் கடந்த பிறகே, அதுவும் பின்காற்றோடு, தரையைத் தொட்டது என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. இருக்கும் பாதையில் பாதியை ஆகாயத்திலேயே விட்டுவிட்டால் எந்தத் தளமும் காப்பாற்ற இயலாது. தரையிறங்கும் வேகத்தில் ஒரு நொடி மிதந்தால் எழுபது மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. பின்காற்று மணிக்கு 10 கடல்மைல் கூடினால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுகிறது. இறங்காமல் மேலெழும்பிச் சுற்றி வருவது தோல்வியல்ல என்பதை விமானிகளுக்கு மட்டுமின்றி அவர்களின் மேலாளர்களுக்கும் சொல்ல வேண்டும். அதே போல, 2007 ஜூலை 17 அன்று பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 199 பேர் இறந்த விபத்தில் இயந்திர விசைக் கைப்பிடி ஒன்று தவறான நிலையில் இருந்தது என்பதே விசாரணையில் முதன்மையாகப் பேசப்பட்டது. ஆனால் காங்கோன்யாஸ் விமான நிலையத்தின் அந்தச் சிறிய ஓடுபாதை, சில வாரங்களுக்கு முன்புதான் புதுத்தளம் போடப்பட்டு, நீர் வடியும் காடிகள் வெட்டப்படாமலேயே மழைக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. மனிதன் தவறும்போது அவனைத் தாங்க வேண்டிய தளம் அன்று தயாராக இல்லை. ஜார்ஜிலும் சாவோ பாவ்லோவிலும் விபத்துக்குச் சற்று முன்புதான் தளத்தில் வேலை நடந்திருந்தது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

காடி என்று நான் குறிப்பிட்டது, ஓடுபாதையின் குறுக்கே கால் அங்குல ஆழமும் கால் அங்குல அகலமும் கொண்டு, ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக, வைர விளிம்புள்ள வட்டவாளால் அறுக்கப்படும் கோடுகளை. டயர் அமுக்கும் நீர் அவற்றின் வழியே வெளியேறுகிறது. புதுத்தார் சில வாரங்கள் இறுகிய பிறகே அவற்றை வெட்ட முடியும் என்பதால், அந்த இடைப்பட்ட காலந்தான் ஆபத்தான காலம். ஒப்பந்தக்காரர் வேலையை முடித்துவிட்டேன் என்பார். விமான நிலையம் திறந்தாயிற்று என்பார்கள். காடி அடுத்த மாதம் என்று அட்டவணையில் இருக்கும். மழை அட்டவணை பார்த்து வருவதில்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஜெட் விமானம் தான் போய் இறங்கும் ஊரின் வறண்ட ஓடுபாதையில், இருக்கும் நீளத்தின் 60 விழுக்காட்டுக்குள் நின்றுவிடும் என்று கணக்குக் காட்டினால்தான் புறப்படவே முடியும். ஈரமாக இருக்கும் என்று தெரிந்தால் மேலும் 15 விழுக்காடு நீளம் சேர்க்க வேண்டும். 2021 நவம்பர் 4 முதல் உலகம் முழுவதும் நடைமுறைக்கு வந்த ஓடுபாதை நிலை அறிக்கை முறையில், ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறார்கள். வறண்டது 6, மூன்று மில்லிமீட்டர் வரை ஈரம் 5, அதற்கு மேல் தேங்கிய நீர் 2. இந்த முறை மிக நல்லது. ஆனால் ஈரத்துக்கு 5 என்று கொடுப்பது, தளத்தின் பிடிப்பு சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையின் பேரில்தான். பிடிப்பு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால், அதே ஈரத்துக்கு 3 என்று கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த வித்தியாசத்தை யாரும் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். சிறு சோதனைச் சக்கரத்தின் முன்னால் ஒரு மில்லிமீட்டர் நீரைத் தெளித்துக்கொண்டு, மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்லும் கிரிப்டெஸ்டர் என்ற உராய்வு அளக்கும் கருவியில், புதுத்தளம் 0.74 காட்ட வேண்டும், 0.53க்கு இறங்கினால் பராமரிப்பைத் திட்டமிட வேண்டும், 0.43க்குக் கீழே போனால் ஈரத்தில் வழுக்கும் என்று விமானிகளுக்கு அறிவிக்க வேண்டும். அளக்காமல் விட்ட இடத்தில் விமானியின் கையில் கிடைக்கும் 5 என்ற எண் வெறும் ஊகம். அவர் செய்யும் கணக்கெல்லாம் அந்த ஊகத்தின் மேல் நிற்கிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே 2010 மே மாதம் திறக்கப்பட்ட கிங் ஷாகா விமான நிலையத்தின் ஓடுபாதை 3,700 மீட்டர் நீளம் கொண்டது. கோடை மழையிலும் அங்கே இறங்க எனக்குத் தயக்கமில்லை. நீளம் பல தவறுகளை மன்னித்துவிடும். எனது கவலை ஜார்ஜ் போல 2,000 மீட்டர் அளவில் உள்ள ஓடுபாதைகளைப் பற்றியது. எங்கள் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓடுபாதையும் நீளத்தில் சிறியதுதான்; இந்தியாவிலும் அப்படிப்பட்டவை பல உண்டு. அங்கெல்லாம் பராமரிப்பு வேலை அடிக்கடி நடக்கும், அளவீட்டுக் கருவி வாடகைக்கு வரும், பணம் குறைவாக இருக்கும். 2,000 மீட்டரில் மழைக்கணக்குப் போட்டால் விமானம் ஏறத்தாழ 1,040 மீட்டருக்குள் நிற்பதாகக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் வழவழத்த தளத்துக்கு இடமே இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஓடுபாதையில் தெளிப்போ மேல்தளமோ எது செய்தாலும், அதை விமானங்களுக்குத் திறப்பதற்கு முன் உராய்வை அளந்து, அந்த எண்ணையும் அளந்த தேதியையும் விமான நிலையத்தின் பெயரோடு பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்; குறைவாக இருந்தால் சரிசெய்யும் வரை மழையில் இறங்குவதை நிறுத்திவைக்க வேண்டும். உணவகத்தின் சுகாதாரச் சான்றிதழைச் சுவரில் மாட்டச் சொல்கிற அரசுகளுக்கு இது பெரிய சுமையாக இருக்க முடியாது. அளவீட்டைச் செய்வது தளம் போட்ட ஒப்பந்தக்காரராக இருக்கக் கூடாது என்பதையும் வலியுறுத்துகிறேன். தன் வேலைக்குத் தானே மதிப்பெண் போடும் வழக்கத்தைச் சாலைப் பணிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். மணல் வட்டத்தை எங்கே பரப்பினால் சிறியதாக வரும் என்பது பழகிய கைக்கு நன்றாகத் தெரியும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப்பட்ட செய்தி வரும்போது, நிருபர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதச் செய்யுங்கள்: விமானம் ஓடுபாதையின் எந்த இடத்தில் தரையைத் தொட்டது, அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, விமானிக்குத் தரப்பட்ட தள நிலை எண் என்ன, அந்தத் தளத்தில் கடைசியாக வேலை நடந்ததும் உராய்வு அளக்கப்பட்டதும் எப்போது. முதல் மூன்றுக்கும் ஓரிரு நாட்களில் பதில் கிடைத்துவிடும். நான்காவதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால், அதையே தலைப்புச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன்,
டோங்காட், குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா.